காலி டேங்கில் மூன்று கிலோ

கருக்கம்பாளையத்தில் தெய்வாத்தாளின் கார் பெட்ரோல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஊரைச் சுற்றிக் கொப்பரைக் களங்கள் வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன, எண்ணெய் மில்கள் விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்தன, காற்றில் எந்நேரமும் தேங்காய் வாசம் நின்றது. அதனால் அந்தக் காரின் புகையில் முறுக்கு சுடும் வாசம் வந்ததை ஆரம்பத்தில் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

அவள் அதை என் பட்டறைக்குக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெங்காயத் தோல் நிறக் கார். கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலை அழுத்திப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் செய்த வண்டி. அவள் கணவர் சென்னியப்பன் கொப்பரை வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய வண்டி. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்த பிறகு ஸ்டியரிங்கைத் தெய்வாத்தாள் பிடித்தாள். வாரத்தில் இரண்டு நாள் அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கூட்டிவருவாள். ஒருமுறை பஸ்ஸில் போனபோது அவர் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அதற்கப்புறம் கார்தான். கார் நின்றால் அவர் உயிரும் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

"என்ன அம்மிணி, வண்டி என்ன பண்ணுது?"

"பெட்ரோல் ஊத்துனா நின்னுபோகுதுங்கண்ணா."

"ஊத்தலீன்னா?"

"நல்லா ஓடுதுங்க."

வண்டி ஓட்டுகிறவர் சொல்வதைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிரித்து, தப்பாக மாட்டி, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டது. டேங்கில் மிதவை மாட்டிக்கொண்டு பெட்ரோல் முள் பொய் சொல்லுகிறது என்று நினைத்துப் பின் சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருக்கும் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தேன். டேங்க் துடைத்துவைத்த அண்டா மாதிரிக் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வாசம்கூட இல்லை.

"சாவியைத் திருப்பு அம்மிணி. செல்ப் அடிக்க வேண்டாம்."

திருப்பினாள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் சற்றே ரீங்கரித்துவிட்டு நின்றது, நல்ல பம்ப் எப்படி நிற்குமோ அப்படி. பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அந்தப் பம்ப் குளிர்ந்திருக்கும். வறண்டு ஓடினால் வெந்துபோகும். கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினேன். முள் மூன்று கிலோவில் ஏறி அசையாமல் நின்றது. அந்த வண்டிக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ சரியாக அவ்வளவு. இன்ஜினை ஓடவிட்டு, என் கேனிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன். முள் தலையைத் தொங்கப்போட்டது. இன்ஜின் இரண்டு தடவை தும்மிவிட்டு அணைந்தது. ஊற்றியதை உறிஞ்சி எடுத்தேன். முள் எழுந்து தன் இடத்துக்குப் போய் நின்றது.

என்ன போகிறது என்று தெரியாவிட்டால் என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். அந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்ஜெக்டர் குடித்தது போக மிச்சம் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்தக் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் பிடித்தேன். வெளிறிய பச்சையில் கொழகொழவென்று ஏதோ வந்தது.

டீ கொண்டுவந்த என் மனைவி ருக்மணி, டம்ளருக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையில் தேய்த்து இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"ஏனுங்க, இது நம்ம ஊட்டுத் தலையெண்ணெய்."

"எந்த ஊட்டுத் தலையெண்ணெயும் இப்படித்தான் இருக்கும்."

"கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு நான் காச்சுனது எனக்குத் தெரியாதுங்களா? வெந்தயம் சித்தெ கருகிப்போச்சு, அந்த வாசம் அப்படியே இருக்குது."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாட்டிலில் எண்ணெய் ஒரு விரல் இறங்கியிருந்தது.

தெய்வாத்தாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் எதுக்குங்க உங்க ஊட்டு எண்ணெயை எடுக்கறேன்?"

"நீ எடுக்கலை கண்ணு. வண்டி எடுத்திருக்குது. டீ ஆறுது, குடி."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஆச்சரியம் என்பது அவ்வளவு நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு நியாயம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த வாரத்துக்குள் வீடு வீடாகப் பெண்கள் பாட்டில்களில் மையால் கோடு போட்டுப் பார்த்தார்கள். கார் கோயம்புத்தூர் போகிற நாட்களில் ஒரு வீட்டில் நல்லெண்ணெய் இறங்கியது, ஒரு வீட்டில் கடலையெண்ணெய், பூசாரி வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த இலுப்பை எண்ணெய், தறிக்காரர் வீட்டில் தறிக்கு விடும் எண்ணெய், வாத்தியாரின் மொபெட்டில் இருந்த பெட்ரோல், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் வீட்டில் மூட்டுவலித் தைலம். எல்லாம் ஒரு விரல், அதற்கு மேல் இல்லை. கார் தெருவைத் தாண்டும்போது புகையை மோந்து பார்த்து, இன்றைக்கு யார் வீடு என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். "கார் கெளம்பீருச்சு, இப்பப் போயி வாணலியை வெக்காதே, பாதி அப்பளத்துல எண்ணெய் போயிரும்" என்று மாமியார்கள் மருமகள்களை எச்சரித்தார்கள். தைலம் ஓடிய நாளில் மட்டும் வழியெல்லாம் ஜனங்கள் தும்மினார்கள்.

கொப்பரைக் களத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கார் ஏன் இப்படி ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் எடுக்காமல் சில வீட்டில் மட்டும் எடுப்பது முறையா என்றுதான் கேட்டார்கள்.

"எங்கூட்டுல ரெண்டு பாட்டில்லயும் எறங்குது, பக்கத்தூட்டுல ஒரு சொட்டு இல்லீங்க. இதென்ன ஞாயம்?" என்றார் தறிக்காரர்.

"உங்கூட்டு எண்ணெய் ருசியாட்டருக்குது," என்று யாரோ சொல்ல, களம் சிரித்தது.

அப்போது மில்காரர் அர்த்தநாரி எழுந்து, ஊரிலேயே பெரிய மில் தன்னுடையது என்றும், பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் நிற்கிறது என்றும், அதில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்றும், அதற்குத் தன் மில்லின் சுத்தம்தான் காரணம் என்றும் சொன்னார். அவருக்கும் சென்னியப்பனுக்கும் வண்டித்தடத் தகராறு. இருவர் தோட்டத்துக்கும் நடுவில் போகும் தடத்தில் யார் வேலி யார் பக்கம் வந்தது என்று கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

எந்த வீடுகள் என்பதை ருக்மணிதான் கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"நீங்க வண்டியத் தொறந்து தொறந்து பாக்கறீங்க. நான் என்ற வாயைத் தொறந்து என்ன சொன்னேன்னு நெனச்சுப் பாத்தேன்."

சீக்காளியைப் பார்க்கப் போகும்போது எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆரஞ்சோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போவோம். நாற்காலி நுனியில் உட்காருவோம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்போம். கொடுத்த காபியைக் குடிப்போம். எழுந்து வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, பாதிப் பார்வை செருப்பில் இருக்கும்போது, அந்த வார்த்தையைச் சொல்லுவோம்: "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க. நாங்க இருக்கறோம்." சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அதைச் சொல்லாமல் வந்தால் மரியாதை இல்லை. சொன்னதை நினைவு வைத்திருக்கவும் தேவையில்லை.

"நான் ரெண்டு வாட்டி போயி ரெண்டு வாட்டியும் சொன்னேன்," என்றாள் ருக்மணி. "தறிக்காரர் சொல்லியிருக்காரு, அவரு சம்சாரமும் சொல்லியிருக்குது. அதான் ரெண்டு பாட்டில். பக்கத்தூட்டுக்காரரு போகவே இல்லை. தெய்வாத்தா யாருகிட்டயும் எதும் வேணும்னு சொல்லலை. வண்டி சொல்லீருச்சு."

விஷயம் பரவியது. முதலில் பாதிக்கப்பட்டவர் அர்த்தநாரி. நேற்றுவரை பெருமையாக இருந்த முழுப் பீப்பாய்களை இன்றைக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு சொட்டும் குறையவில்லை என்றால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அர்த்தமாகிவிட்டது. அவர் பீப்பாய்களின் மேல் சாக்குப் போட்டு மூடினார்.

மற்றவர்கள் ஜாக்கிரதையானார்கள். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். தாராளமாகச் சொன்ன வார்த்தைக்கு இப்படி ஆள் வந்து நிற்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. சென்னியப்பனைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, நினைவு வந்து, "வர்றமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் கும்பிட்டார்கள். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மூட்டுவலித் தைலக்காரர் நேராக வாசலுக்குப் போய், "போன மாசம் ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க, அதைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் தைலம் அதற்குப் பிறகு இறங்கவில்லை. அதைப் பார்த்து இன்னும் பலர் போனார்கள்.

கார் திணற ஆரம்பித்தது. நின்றிருக்கும்போது நன்றாக உறுமும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இருக்காது. சமதளத்தில் சமாளிக்கும், ஏற்றத்தில் மிஸ் அடிக்கும். எரிபொருள் பற்றாக்குறைக்கு எல்லா வண்டியும் சொல்கிற அடையாளம்தான். இருந்தாலும் நான் ஒன்றையும் விடவில்லை. பில்டரை மாற்றினேன். ரிலேயை மாற்றிப் பார்த்தேன். ரெகுலேட்டரிலிருந்து வரும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கி உள்ளே கசிவு உண்டா என்று முகர்ந்தேன். இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் நீள ஸ்குரூடிரைவரை வைத்துப் பிடியில் காதை ஒட்டிக் கேட்டேன். நாலும் ஒழுங்காக டிக்கடித்தன. கேஜைக் குழாயோடு பானெட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் ஒட்டிவைத்து, ஓட ஓடப் பார்த்தேன். ஏற்றத்தில் முள் இரண்டுக்குக் கீழே போனது.

"வண்டில குத்தம் இல்லை அம்மிணி. வர்ற எடத்துல கொறையுது."

"தெரியுதுங்கண்ணா."

"யாருகிட்டயாச்சும் சொல்லலாமில்ல?"

"அவங்களா வந்து சொன்னாங்க. அவங்களாத் திருப்பி எடுத்துக்கறாங்க. நடுவுல நான் யாரு?"

"வேணும்னா சொல்லுங்கன்னுதான சொன்னாங்க. நீ இன்னும் சொல்லவே இல்லையே."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். தெய்வாத்தாள் கேட்டுப் பழகாதவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உப்பு வாங்கியதில்லை என்பது அவள் பெயரோடு சேர்ந்தே இருந்தது. அன்று சாயங்காலம் பங்கில் போய் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டாள் என்றும், கார் பங்கை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டது என்றும், தள்ளிக்கொண்டுவந்தவர்கள் பிறகு சொன்னார்கள். மறுநாள் நான்தான் உறிஞ்சி எடுத்தேன்.

அந்த வாரம் ஒரு முறை போக முடியவில்லை. கார் ஊர் எல்லை தாண்டாமல் திரும்பிவிட்டது. சென்னியப்பனுக்குப் பாதம் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு மேலே மேலே வர ஆரம்பித்தது. அடுத்த முறை காலையில் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். எனக்குக் கேஜைப் பார்க்கத்தான் தெரியும். அதையாவது பார்க்கலாம் என்று போனேன்.

தெருவைத் தாண்டும்போது முள் ஒன்றரையில் இருந்தது. ருக்மணியின் தலையெண்ணெய் வாசமும், பூசாரியின் இலுப்பை எண்ணெய் வாசமும் வந்தன. வேறு வாசம் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போக வாய்க்கால் பாலத்து ஏற்றம் ஏற வேண்டும். ஏற்றத்தின் அடியில், அர்த்தநாரியின் மில் கேட்டுக்கு எதிரே, இன்ஜின் குலுங்கி நின்றது. முள் ஒன்றுக்குக் கீழே கிடந்தது.

தெய்வாத்தாள் செல்ப் அடித்தாள். மறுபடி அடித்தாள்.

"பேட்டரியும் போயிரும் அம்மிணி. விடு."

பின் சீட்டிலிருந்து சென்னியப்பன் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "என்னைய... இங்கயே எறக்கீருங்க வேலண்ணா. அர்த்தநாரி களத்துல... கொப்பரையோட காயப்போடட்டும். என்றகிட்ட எண்ணெய் எவ்வளவு வருதுன்னு... பாத்துக்கட்டும்."

"சும்மா இருங்க நீங்க," என்றாள் அவள்.

ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிறிது நேரம் மில் கேட்டையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து, களத்தில் காய்கிற கொப்பரைக்கு ஓரமாக நடந்து போனாள். அவள் நடையில் தயக்கம் இல்லை, வேகமும் இல்லை. மில் சத்தத்தில் அர்த்தநாரிக்கு அவள் கூப்பிட்டது கேட்டிருக்காது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நின்ற தூரம் அப்படி, மில்லின் இரைச்சல் அப்படி. அவள் உதடு ஒரே ஒரு தடவை அசைந்ததாகத்தான் எனக்குப் பட்டது. அவர் தரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அவர் ஏதோ சொன்னார். அவர் சொன்னதும் நீளமாக இல்லை. இதற்குள் என் பார்வை அவர்களை விட்டுக் கேஜுக்கு வந்துவிட்டது. சாவி ஆனில் இருந்தது, இன்ஜின் ஓடவில்லை, இன்ஜின் ஓடாதபோது அந்தப் பம்ப் ஓடக்கூடாது, அதை நிறுத்துவதற்கென்றே ஒரு ரிலே இருக்கிறது. ஆனாலும் பின் சீட்டுக்கு அடியில் அது ரீங்கரிக்க ஆரம்பித்தது. முள் ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. மூன்றில் போய், ஆணி அடித்த மாதிரி நின்றது.

"சீட்டு அதுருது," என்றார் சென்னியப்பன்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அழுத தடமில்லை. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சாவியைத் திருகினாள், கார் ஒரே அடியில் பிடித்தது, அன்று ஆட்டிய தேங்காயெண்ணெயின் வாசம், ஈரம் காயாத முதல் ஆட்டு வாசம், எங்களைச் சுற்றிச் சூழ்ந்தது, பாலத்தின் மேல் கார் இறக்கத்தில் போவது போல ஏறியது. திரும்பிப் பார்த்தபோது அர்த்தநாரி பீப்பாய்களின் மேலிருந்து சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு, கோயம்புத்தூர் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தெய்வாத்தாள் தெருவில் நடப்பாள். ஏதாவது ஒரு வாசலில் நின்று, "நாளைக்குப் போறமுங்க" என்பாள். "சரிங்க" என்பார்கள். மூட்டுவலித் தைலக்காரர் வாசலிலும் ஒரு நாள் நின்றாள். மறுநாள் வழியெல்லாம் மறுபடி தும்மல். வண்டித்தட வழக்கு மட்டும் அப்படியே நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா சென்னியப்பனும் தெய்வாத்தாளும் அர்த்தநாரியின் எண்ணெயில் தாராபுரம் கோர்ட்டுக்குப் போய், அர்த்தநாரிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு, அர்த்தநாரியின் எண்ணெயில் திரும்பி வந்தார்கள். அவரும் ஒரு விரல்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை, ஒரு அடி தடத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்னியப்பன் அதற்கப்புறம் பல மழைக்காலம் பார்த்தார். மகள் கல்யாணத்தில் மணமேடை வரை நடந்தே வந்தார். அவர் ஒரு காலையில் தூக்கத்தில் போனார். காரியம் முடிந்து தெய்வாத்தாள் சாவியைத் திருப்பியபோது பம்ப் ஒரு நொடி கீச்சிட்டு வெந்துபோயிற்று, வறண்ட டேங்கில் ஓடிய பம்ப் எப்படி வேக வேண்டுமோ அப்படி. நான் புதுப் பம்ப் போட்டுக் கொடுத்தேன். பெட்ரோல் ஊற்றினோம். எல்லாக் காரையும் போல ஓடியது. யாருக்கும் அதை வைத்திருக்கத் தோன்றவில்லை, விற்றுவிட்டார்கள்.

ருக்மணியும் போய்ச் சில வருஷம் ஆகிறது. சமையல் இப்போது நான்தான். அதனால் எண்ணெய் பாட்டிலின் மட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். சில காலைகளில் அது ஒரு விரல் இறங்கியிருக்கிறது. யாரைப் பார்க்கப் போனபோது, எந்த வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. முகர்ந்து, குழாய் பிடித்து, வழி தேடிப் பார்க்கலாம். கேஜ் இன்னும் பட்டறையில்தான் தொங்குகிறது. தேடவில்லை. பாட்டிலை மட்டும் நிரப்பி, அடுப்புக்குப் பக்கத்தில் மூடியை லேசாகத் திருகி வைக்கிறேன்.